முதல் பாய்மரப் படகு: மேட்டூருக்கு எது சரி, எப்படிக் கட்டுவது?

மூக்கனேரிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஊர் சேலம். எனக்கு வயது 38, எடை 68 கிலோ. மகளுக்கு 11 வயது, 32 கிலோ. இருவருக்கும் நீச்சல் தெரியும், சென்னையில் ஆரம்பப் பயிற்சியும் முடித்துவிட்டோம். இப்போது சொந்தமாக ஒரு டிங்கி (சிறிய பாய்மரப் படகு) வாங்க நினைக்கிறோம். பெரும்பாலும் மேட்டூர் நீர்த்தேக்கத்தில்தான் ஓட்டுவோம். முடிந்தால் எப்போதாவது ஏற்காட்டுக்கும் கொண்டுபோகலாம் என்று ஆசை.

லேசர், ஆப்டிமிஸ்ட், என்டர்பிரைஸ், பிளாஸ்டிக் படகு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே படகு போதுமா? பழைய படகு என்றால் எதைப் பார்த்து வாங்குவது? பயிற்சியில் எல்லாவற்றையும் கட்டித் தயாராக வைத்துத்தான் கையில் கொடுத்தார்கள், அதனால் பாய் கட்டுவதை முதலிலிருந்து கற்க வேண்டும். வண்டி சின்ன கார், மேலே கேரியர் உண்டு. மொத்தமாக 2 லட்சம் வரை செலவழிக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாய்சுக்கான்

படகின் நீளத்தை விட்டுவிட்டுப் பாயின் பரப்பைப் பாருங்க. புதிதாக வாங்குகிறவர்கள் தவறு செய்வது அங்கேதான். 68 கிலோ ஆள் 7 சதுர மீட்டர் பாயைக் கட்டிக்கொண்டு மேட்டூரில் இறங்கினால், காற்று சற்றே ஏறியதும் படகு அவர் சொல் கேட்காது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 10 நாட் (ஒரு நாட் மணிக்கு 1.85 கி.மீ.) காற்று 14 நாட் ஆனால் முகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, பாயில் இழுப்பு இரண்டு மடங்காகிவிடும்.

உங்களுக்கு என் யோசனை லேசர்தான். இப்போது இல்கா என்று பெயர். நீளம் 4.2 மீட்டர், வெறும் உடல் 59 கிலோ. இதன் பெரிய வசதி, ஒரே உடலுக்கு மூன்று அளவுப் பாய் பொருந்தும்: இல்கா 7-க்கு 7.06 சதுர மீட்டர், இல்கா 6-க்கு ஏறக்குறைய 5.7, இல்கா 4-க்கு 4.7. பாய்மரத்தின் மேல் துண்டு மூன்றுக்கும் ஒன்றே. கீழ்த் துண்டையும் பாயையும் மட்டும் மாற்றினால் போதும். நீங்கள் இல்கா 6 கட்டுங்க. பழைய படகுகள் பெரும்பாலும் 7-க்கான பாயோடுதான் விலைக்கு வரும். "பாய் பெரிசா இருந்தா என்ன, சுருட்டிக் கட்டிக்கலாம்" என்று விற்பவர் சொல்வார், கேட்காதீர்கள். 6-க்கான கீழ்த் துண்டையும் பாயையும் தேடிச் சேர்த்த பிறகே தண்ணீரில் இறக்குங்க.

மகளுக்கு இது சரிவராது. 32 கிலோவுக்கு 4.7 பாயே அதிகம். அவளுக்கு ஆப்டிமிஸ்ட்: நீளம் 2.3 மீட்டர், உடல் 35 கிலோ, பாய் சுமார் 3.3 சதுர மீட்டர். 1947-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கிளார்க் மில்ஸ் குழந்தைகளுக்கென்றே வரைந்த படகு. முன்மூக்கு சப்பையாக, பெட்டி மாதிரி இருக்கும், ஆனால் அந்த எடைக்கு அதைவிடப் பணிவான படகு கிடையாது. ஆக ஒரே படகு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்க. முதலில் பழைய லேசர், ஆறு மாதம் கழித்துப் பழைய ஆப்டிமிஸ்ட். காற்று இதமாக இருக்கும் நாளில் லேசரில் இருவரும் உட்கார்ந்து போகலாம். இடம் நெருக்கடிதான், பழக்க அது போதும்.

உதிரி பாகங்களுக்கும் இதுவே நல்லது. நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போனது இந்த 6 வகையில், விஷ்ணு சரவணன் போனது 7 வகையில். அந்த அளவுக்கு நாட்டில் புழங்கும் படகு என்பதால் கப்பி, பின், சுக்கான் தலை எதுவும் தேடினால் கிடைக்கும். சென்னையில் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் பக்கம், ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் பக்கம் விசாரியுங்க.

2 லட்சத்தையும் படகிலேயே போட்டுவிடாதீர்கள். நாலில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்க. புதுக் கயிறு, உயிர்காப்பு மேலாடை இரண்டு, தள்ளுவண்டி எல்லாம் அதில்தான் வர வேண்டும்.

மெய்யனூர் பட்டறை

பழைய லேசரைப் பார்க்கப் போகும்போது ஒரு குடம் தண்ணீர், ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டுப் போங்க.

முதல் சோதனை பாய்மரக் குழி. முன்பக்க மேல்தளத்தில் பாய்மரம் இறங்கும் குழாய் இருக்கும். அதில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, மட்டத்தைப் பென்சிலால் குறிச்சுட்டு, கால் மணி நேரம் மற்ற வேலையைப் பாருங்க. திரும்பி வரும்போது மட்டம் ஒரு விரல் இறங்கியிருந்தாலும் அந்தப் படகு வேண்டாம். குழிக்கு அடியில் ஓட்டை விழுந்திருக்குன்னு அர்த்தம். காரணம் மணல். பாய்மரம் குழிக்குள் இடமும் வலமும் சுழன்றுகொண்டே இருக்கும், அடியில் நாலு மணல் துகள் கிடந்தால் அரவைக்கல் மாதிரி ஃபைபரைத் தின்னும். உள்ளே டார்ச் அடிச்சா அடியில் வட்டமாக வெள்ளை வெளேர்னு தேய்மானம் தெரியும். தேய்மானம் மட்டும் இருந்து தண்ணீர் இறங்கலைன்னா வாங்கலாம். அடியில் ஒரு மெல்லிய டெஃப்லான் வட்டு போடுங்க, ஒவ்வொரு முறையும் குழியைக் கழுவிட்டு மரத்தை இறக்குங்க.

அடுத்தது எடை. இரண்டு பேர் முன்னும் பின்னும் தூக்குங்க, 59 கிலோதான் இருக்கணும். மூச்சு வாங்கினால் உள்ளே தண்ணீர் நிக்குது, இல்லை நுரை ஊறிப்போச்சு. பின்பக்க அடைப்பானைக் கழற்றி, முன்மூக்கைத் தூக்கிப் பிடிச்சுப் பாருங்க. ஒரு டம்ளர் தண்ணீர் வழிந்தால் பயமில்லை, பக்கெட் கணக்கில் வந்தால் கசிவைத் தேடணும். மேல்தளமும் அடி உடலும் சேரும் விளிம்பு நெடுக சோப்பு நுரை தடவி, அடைப்பான் துளையில் வாயால் காற்று ஊதுங்க. குமிழ் வர்ற இடம் கசியுது. கம்ப்ரஸரைத் தப்பித் தவறியும் வைக்காதீங்க. ரெண்டே விநாடியில் ஒட்டு பிளந்துடும், அப்புறம் விற்பவரோடு பஞ்சாயத்துதான்.

காக்பிட்டுக்கு (கால் வைக்கும் பள்ளம்) இரண்டு பக்கமும் உட்காரும் இடத்தில் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே போங்க. ஒரே சீராகக் கெட்டியாக இருக்கணும். "டொக் டொக்"னு வந்துட்டு இருந்த சத்தம் திடீர்னு "பொத்"னு மாறினால் அந்த இடத்தில் அடுக்கு பிரிஞ்சிருக்கு. கையகல இடம்னா சரிபண்ணலாம். இரண்டு பக்கமும் அப்படின்னா விட்டுடுங்க.

கடலில் ஓடின படகுன்னா அலுமினியப் பாய்மரத்தில் ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கும். ஸ்டெயின்லெஸ் ரிவெட்டும் அலுமினியமும் உப்புத் தண்ணியில் தொட்டுட்டு இருந்தால் அலுமினியம்தான் கரையும். முக்கியமாக மேல் துண்டின் அடியில் பிளாஸ்டிக் வளையத்தைப் பிடிக்கும் ரிவெட். லேசர் பாய்மரம் உடைஞ்சால் பெரும்பாலும் அங்கேதான். மரம் வளையும்போது முன்பக்கம் இழுபடும், பின்பக்கம் நசுங்கும். துளை இழுபடுற பக்கம் இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அதனால் ரிவெட் பின்பக்கம் பார்க்கிற மாதிரி மாட்டணும். அரிப்பு லேசாக இருந்தால் துண்டைத் தலைகீழாக்கி வளையத்தை மறுமுனையில் புதுசாக அடிக்கலாம், ஆயுசு கூடும்.

ஸ்டெயின்லெஸ் பற்றிச் சேலத்துக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் ஒண்ணு: கடலுக்கு 316 ரகம் வேணும், மேட்டூர் நல்ல தண்ணிக்கு 304 ஷேக்கிளே தாங்கும். அங்கே காசை வீணாக்காமல் கயிற்றில் போடுங்க.

பாய்த்துணியைக் கையில் கசக்கிப் பாருங்க. புதுப் பாய் காகிதம் மாதிரி சரசரக்கும். பழைய வேட்டி மாதிரி துவண்டால் போட்டிக்கு உதவாது, பழகுறதுக்கு ஒரு வருஷம் போகும். அதை வைத்து விலையைக் குறைச்சுக் கேளுங்க.

காவிரிக்கரை

மேட்டூரைப் பற்றிச் சொல்கிறேன். படகு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தண்ணீரையும் காற்றையும் அறியாமல் இறங்கக் கூடாது.

ஆரம்பிக்க ஏற்ற மாதங்கள் ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை. டெல்டா பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். மூடிய பிறகு நீர்மட்டம் சட்டென்று மாறாது, காற்றும் இதமாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் காலையில் மட்டும் ஓட்டுங்கள். மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் கருமேகம் கோபுரமாக எழும்பினால் உடனே கரையேறிவிட வேண்டும். கோடை மழைக்கு முன்னால் வரும் காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்று சொல்ல முடியாது, ஐந்து நிமிடத்தில் தண்ணீர் கொந்தளிக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது தெரிந்ததே. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முதல் வருடம் படகைக் கழுவி மூடி வையுங்கள். ஆடிப்பெருக்குக் கூட்டத்தின்போது அந்தப் பக்கமே வேண்டாம்.

கையில் காற்றுமானி இல்லாவிட்டாலும் கணிக்கலாம். இலை சலசலத்து முகத்தில் காற்றுப் பட்டால் மணிக்கு 6 முதல் 11 கி.மீ. இலையும் சிறு குச்சியும் ஓயாமல் ஆடினால் 12 முதல் 19. கற்றுக்கொள்ள இதுவே நல்ல காற்று. புழுதி கிளம்பிக் காகிதம் பறந்தால் 20-ஐத் தாண்டிவிட்டது. தண்ணீரில் அங்கங்கே வெள்ளை நுரை தெரியும். நீங்கள் கரையில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டிய காற்று அது.

இடம்: அணைக்கும் 16 கண் மதகுக்கும் அருகே போகவே கூடாது. உபரி நீர் திறந்திருக்கும் காலத்தில் நீர்த்தேக்கத்திலேயே இறங்கக் கூடாது. நீர்வளத் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள், மீன்வளத் துறையிடமும் சொல்லி வையுங்கள். பண்ணவாடிப் பக்கம் நீர் வடியும்போது பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். பார்க்க அழகு. ஆனால் நடுப்பலகை (படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நடுவில் இறக்கும் பலகை) படகுக்கு அடியில் முக்கால் மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். வெளியே தெரியும் கோபுரத்தைச் சுற்றிப் போய்விடலாம், தெரியாத மதில்தான் பலகையை உடைக்கும். நீர்மட்டம் பாதியாக இருக்கும் காலத்தில் கரையோரம் மரக்கட்டைகளும் அப்படித்தான் மறைந்து கிடக்கும்.

பிறகு மீன் வலை. மிதவை என்று பெரிதாக எதுவும் இருக்காது, தெர்மாகோல் துண்டோ பிளாஸ்டிக் பாட்டிலோ வரிசையாக மிதக்கும். இரண்டு மிதவைக்கு நடுவே போனால் பலகையும் சுக்கானும் வலையில் மாட்டும். மாட்டிவிட்டால் பாய்க் கயிற்றை முழுக்க விட்டுவிட்டு, பலகையை மேலே உருவி, சுக்கானைத் தூக்கி, பின்னோக்கி நழுவி வாருங்கள். வலையை அறுக்காதீர்கள், அது ஒருவருடைய அன்றாடப் பிழைப்பு. பரிசலுக்கு எப்போதும் நீங்களே வழிவிடுங்கள். அதற்குச் சுக்கான் இல்லை, சட்டென்று விலக முடியாது. அந்தப் பகுதி மீனவர்களிடம் முதல் நாளே பேசிப் பழகிக்கொள்ளுங்கள். நடுநீரில் காற்று நின்றுபோனால் இழுத்து வரப் போவதும் அவர்கள்தான்.

ஆறாவது வளைவு

ஏற்காடு பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஏரி சிறியது, சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை இருக்கிறது, மிதிபடகுகள் எல்லாப் பக்கமும் திரும்பும். அனுமதி கிடைத்தாலும் பாய்க்கு ஏற்ற இடமென்று சொல்ல மாட்டேன். சுற்றிலும் மேடு, மரம். 15 மீட்டர் உயரமுள்ள சில்வர் ஓக் வரிசைக்குப் பின்னால் 150 மீட்டர் தூரத்துக்காவது காற்று செத்துக் கிடக்கும். அதைத் தாண்டியதும் வேறு திசையிலிருந்து ஒரு வீச்சு வந்து அடிக்கும். மகளின் ஆப்டிமிஸ்டுக்கு, கூட்டமில்லாத காலையில், திருப்பம் பழக மட்டும் சரி.

நான் சொல்ல வந்தது வேறு. சேலம் கடல்மட்டத்திலிருந்து 278 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 135 மில்லிபார் குறைந்துவிடும். லேசரின் உடல் ஒரு மூடிய டப்பா. அடைப்பானை இறுக்கிவிட்டு மலையேறினால் சேலத்துக் காற்று உள்ளே அடைபட்டு, ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு வெளியே தள்ளும். மேல்தளம் உப்பி விளிம்பு ஒட்டு பிளக்க அது தாராளம். காக்பிட் முன்சுவரில் சின்ன மூச்சுத் துளை உண்டுதான், பழைய படகுகளில் அதைக் கசிவு என்று நினைத்து சிலிக்கான் வைத்து அடைத்திருப்பார்கள். அதை நம்பாமல் அடைப்பானைக் கழற்றிவிட்டே ஏற்றுங்கள்.

ஆப்டிமிஸ்டில் உடலுக்குள் மூன்று காற்றுப் பைகள் இருக்கும். சேலத்தில் கெட்டியாக ஊதிய பை மேலே போகும்போது ஆறில் ஒரு பங்கு விரியப் பார்க்கும், தையல் விட்டுவிடும். தளர்த்தி ஏற்றி, மேலே போய் ஊதுங்கள். மேலே ஊதிய பை கீழே வந்தால் தொளதொளத்துப் போகும். அதே பையோடு அடுத்த வாரம் மேட்டூரில் இறக்காதீர்கள், கவிழ்ந்தால் படகு தேவையான அளவு மிதக்காது.

மலை இறங்கி வந்தாலும் இதை மறக்க வேண்டாம். சேலம் வெயிலில் மூடிய படகு கிடந்தாலும் உள்காற்று சூடேறி விரியும். தரையில் இருக்கும் நேரமெல்லாம் அடைப்பான் வெளியே இருக்கட்டும்.

அணைமேடு

பாய்சுக்கான் அவர்கள் லேசரைச் சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. அப்பாவும் மகளும் சேர்ந்து கற்க வேண்டுமென்றால் இருவர் ஓட்டும் என்டர்பிரைஸ் நல்லதல்லவா? 4 மீட்டர் நீளம், இரண்டு பாய், உட்கார நல்ல இடம். மகள் முன்பாயைப் பார்த்துக்கொள்வாள், அப்பா சுக்கான். குழந்தையைத் தனிப் படகில் விட்டுவிட்டு இன்னொரு படகிலிருந்து கத்துவதைவிட இது பாதுகாப்பு. நம் நாட்டுக் கிளப்களில் ஏராளமாகப் புழங்கிய படகும்கூட.

பாய்சுக்கான்

அணைமேடு சொல்வதில் நியாயம் இருக்கு. கற்றுக்கொடுக்க என்டர்பிரைஸ் அருமையான படகு. ஆனால் மூக்கனேரிக்காரர் நிலையை வைத்துப் பாருங்க. உடல் மட்டும் சுமார் 90 கிலோ, சின்ன கார் கேரியரில் ஏற்றும் எடை அது கிடையாது. டிரெய்லர் வேணும், கரையில் இறக்க இன்னும் இரண்டு ஆள் வேணும். மேட்டூரில் தண்ணீர் வடிந்திருக்கும்போது சேறும் களிமண்ணுமாக நெடுந்தூரம் இழுக்கணும். எல்லாவற்றையும்விட, கவிழ்ந்தால் உள்ளே நிறையத் தண்ணீர் ஏறிக்கொள்ளும். 32 கிலோக் குழந்தையோடு நடுநீரில் அதை இறைப்பது பெரும்பாடு. லேசர் நிமிர்த்தியதும் தானே வடித்துக்கொள்ளும். கிளப் இருந்து, மீட்புப் படகு பக்கத்தில் நின்றால் நானும் என்டர்பிரைஸ் என்றுதான் சொல்வேன். தனியாக ஓட்டும் இடத்துக்கு லேசர்தான்.

பிளாஸ்டிக் படகையும் கேட்டிருந்தீங்க. மோதினால் உடையாது, அது உண்மை. எடை அதிகம், வெயிலில் இளகும். ஒடுக்கமான கம்பி மேல் ஒரு சித்திரை மாதம் வைத்தால் அடியில் பள்ளம் விழுந்துவிடும். வாங்கினால் அகலப் பட்டை மேல், நிழலில் வையுங்க.

மூக்கனேரிக்காரன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. லேசர் என்று முடிவு செய்துவிட்டேன். அடைப்பான் விஷயம் சொல்லாவிட்டால் நிச்சயம் மூடித்தான் ஏற்றியிருப்பேன். இனி கட்டுவது எப்படி என்று வரிசையாகச் சொல்வீர்களா? எந்தக் கயிறு, எவ்வளவு?

பாய்சுக்கான்

கயிற்றிலிருந்து தொடங்கலாம். கடைவீதி நைலான் கயிறு எதற்கும் ஆகாது, இழுத்தால் நீளும். அவுட்ஹால் (பாயின் பின்மூலையைப் பூம் என்ற அடிக்குழாயின் நுனிக்கு இழுப்பது), கன்னிங்காம் (பாயின் முன் ஓரத்தைக் கீழே இழுப்பது), வேங் (பூம் மேலே எழாமல் பிடிப்பது), டிராவலர் எல்லாவற்றுக்கும் நீளாத டைனீமா உள்ளோடிய கயிறு 4 முதல் 6 மி.மீ. மெயின்ஷீட் (பாயை உள்ளே இழுத்து வெளியே விடும் கயிறு) மட்டும் கைக்கு மெதுவாக 7 மி.மீ., சுமார் 13 மீட்டர். முன்மூக்கில் எப்போதும் ஒரு இழுவைக் கயிறு கட்டியே இருக்கணும், 8 மி.மீ., 6 மீட்டர், மிதக்கும் பாலிப்ராப்பிலீன். முடிச்சு இரண்டு போதும்: போலைன், எட்டு முடிச்சு. வீட்டில் நாற்காலிக் காலில் கட்டிப் பழகுங்க.

கரைக்கு வந்ததும் முதல் வேலை தலையைத் தூக்கி மேலே பார்ப்பது. நிமிர்த்திய பாய்மரம் 6 மீட்டருக்குக் கிட்ட வரும், அலுமினியம். கிணற்று மோட்டாருக்குப் போகும் மின்கம்பி தாழ்ந்து தொங்கும் இடங்கள் நம் பக்கம் நிறைய. கம்பி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கட்டவே வேண்டாம், நகர்ந்து போங்க.

படகைத் தள்ளுவண்டியிலேயே காற்றுக்கு நேர்முகமாக நிறுத்துங்க. பாய்மரத் துண்டு இரண்டையும் செருகுங்க. செருகும் இடம் ஆடினால் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப், அதற்கு மேல் வேண்டாம், அப்புறம் கழற்ற வராது. பாயின் ஓரத்தில் நீளமான உறை இருக்கும், அதில் மரத்தை உச்சிவரை நுழைத்து, மூன்று பேட்டனையும் (பாயை விறைப்பாக வைக்கும் பட்டைகள்) பாயிலுள்ள பைக்குள் போடுங்க. பிறகு மரத்தைக் குழிக்கு நேராகச் செங்குத்தாக நிறுத்தி, நேர் கீழே இறக்கணும். சாய்த்து நுழைத்து நிமிர்த்தினால் குழியின் விளிம்பு நெம்புகோலுக்கு முட்டுக் கொடுத்த மாதிரி ஆகி மேல்தளம் விரியும். காற்று இருந்தால் பாயை மரத்தில் சுற்றிக் கட்டி இறக்கிவிட்டு, அப்புறம் அவிழ்க்கலாம்.

பூமை மாட்டி, பாயின் பின்மூலையை அவுட்ஹாலில் கோர்த்து, அதே மூலையைப் பூமோடு சேர்த்து ஒரு சுற்றுக் கட்டுங்க. இந்தக் கட்டு தளர்ந்தால் பாய் மேலே எழும்பி வடிவமே கெடும். அவுட்ஹால் அளவு: பூமுக்கும் பாயின் அடி விளிம்புக்கும் நடுவில் ஒரு சாண். காற்று ஏற ஏற நாலு விரல். கன்னிங்காம் ஆரம்பத்தில் தளர்வாக, காற்று கூடினால் மட்டும் இறுக்கம். வேங்குக்கு எளிய கணக்கு: மெயின்ஷீட்டைக் கப்பியும் கப்பியும் முட்டுகிறவரை இழுத்துப் பிடித்து, வேங்கில் மிஞ்சும் தொய்வை எடுத்துப் பூட்டுங்க. அதுதான் நடுத்தர அளவு. கன்னிங்காம் கயிற்றைத் தளத்துக் கிளீட்டில் (கயிறு பூட்டும் பிடி) கட்டாயம் பூட்டணும். அது பூட்டாவிட்டால் படகு தலைகீழாகும்போது பாய்மரம் குழியைவிட்டு உருவிக்கொண்டு போய்விடும். இன்னொரு தனிக் கயிறும் காப்பாகக் கட்டினால் நல்லது.

பின்பக்கம் டிராவலர். முக்கோணமாக ஓடும் இந்தக் கயிறு வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக இருக்கணும். சுக்கான் பிடி இதற்கு அடியில்தான் போகணும். புதியவர்கள் பத்துக்கு எட்டுப் பேர் மேலே வைத்துவிட்டு, படகு ஏன் திரும்பவில்லை என்று நடுநீரில் தேடுவார்கள். சுக்கானைக் கொக்கியில் இறக்கியதும் பூட்டும் வில் "டக்" என்று விழுந்ததா என்று மேலே இழுத்துப் பாருங்க. விழாவிட்டால் முதல் கவிழ்ப்பிலேயே சுக்கான் காவிரித் தாயிடம் போய்விடும், அது மிதக்காது. நடுப்பலகையையும் ரப்பர் கயிறு கொண்டு முன்மூக்கோடு கட்டிவிடுங்க.

அடைப்பானை மூடுங்க. இதைக் கடைசியில் வைத்திருக்கேன், ஏனென்றால் மறப்பது இதைத்தான்.

முழங்கால் ஆழத்தில் பலகையைப் பாதி இறக்கி ஏறி, ஆழம் வந்ததும் பலகையையும் சுக்கானையும் முழுதாக இறக்குங்க. சுக்கான் பிடி கையைப் பிய்க்கிற மாதிரி கனத்தால் சுக்கான் அலகு பாதி மேலே தூக்கியிருக்குன்னு அர்த்தம். கீழிழுக்கும் கயிற்றை இறுக்கினால் சட்டென்று லேசாகிவிடும்.

காவிரிக்கரை

கட்டி முடித்த முதல் நாளே நீளப் பயணம் வேண்டாம். வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்திப் பழகுங்கள். குறைந்தது 7 மீட்டர் ஆழமுள்ள இடமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தலைகீழான பாய்மரம் சேற்றில் குத்தி வளைந்துவிடும். கவிழ்ந்ததும் மெயின்ஷீட்டையும் வேங் கயிற்றையும் விட்டுவிடுங்கள். ஒரு கை எப்போதும் படகைப் பிடித்திருக்க வேண்டும். காற்றில் படகு நீந்துகிறவரைவிட வேகமாக நகரும், பத்தடி விலகினாலும் பிடிக்க முடியாது. நீந்தி அடிப்பக்கம் வந்து, முன்மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பி, நடுப்பலகையில் உடலுக்கு ஒட்டிய இடத்தில் ஏறி நின்று பின்னால் சாயுங்கள். பலகையின் நுனியில் நின்றால் அது முறியும். 68 கிலோவுக்கு லேசர் தயங்காமல் எழும். எழும்பவில்லை என்றால் பாய்க் கயிறு எங்கோ பூட்டியிருக்கிறது என்று பொருள். ஆரம்ப நாட்களில் பாய்மர உச்சியில் ஒரு மூடிய 5 லிட்டர் கேனைக் கட்டிவிட்டால் படகு முழுக்கத் தலைகீழாகாது.

உயிர்காப்பு மேலாடை 50 நியூட்டன் மிதப்பு விசை வகை, இருவருக்கும் அவரவர் அளவில். மகளுக்குப் பெரியது வாங்கி "வளர்ந்தா சரியாயிடும்" என்று விடாதீர்கள், தண்ணீரில் அது தலைக்கு மேல் ஏறிவிடும். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் காதுக்கு மேல் வரக் கூடாது.

மூக்கனேரிக்காரன்

ஒரே ஒரு கேள்வி மிச்சம். மகளின் ஆப்டிமிஸ்டில் பாய் சுருக்கம் விழுந்தால் எப்படிச் சரிசெய்வது? பயிற்சியில் பார்த்தேன், ஆனால் எதை இறுக்கினார்கள் என்று புரியவில்லை.

பாய்சுக்கான்

அது ஸ்ப்ரிட் கழியின் வேலை. பாயின் மேல் பின்மூலையைக் குறுக்காகத் தாங்கி நிற்கும் கழிதான் ஸ்ப்ரிட். சுருக்கம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்க. பாய்மர உச்சிப் பக்கத்திலிருந்து பின் கீழ்மூலைக்கு ஓடினால் கழி தளர்ந்திருக்கு, அதன் கயிற்றை இறுக்கணும். மேல் பின்மூலையிலிருந்து பாய்மரத்தின் அடிக்கு ஓடினால் அதிக இறுக்கம், கொஞ்சம் விடணும். காற்று கூடும்போதெல்லாம் தளர்ச்சிச் சுருக்கம் திரும்ப வரும், அப்போது மறுபடி ஒரு இழுப்பு.

பாயை மரத்தோடு சேர்க்கும் சிறு கட்டுகள் 2 மி.மீ. டைனீமாவில், பாய்க்கும் மரத்துக்கும் இடையில் 10 மி.மீ.-க்கு மேல் போகாமல். நடுவில் உள்ளவற்றைவிட இரு ஓரக் கட்டுகளைக் கெட்டியாகக் கட்டுங்க. தண்ணீர் இறைக்கும் கோப்பையைக் கயிற்றால் படகோடு கட்டிவிடணும். பாய்மரம் உருவாமல் பிடிக்கும் கிளாம்ப் அடியில் இருக்கும், அதை அவளே கையால் தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகு தள்ளிவிடுங்க.

வீடு திரும்பியதும் பாயை மடிக்காமல் சுருட்டி, காய்ந்த பிறகு உறையில் போடுங்க. நடுப்பலகையையும் சுக்கானையும் காருக்குள் கண்ணாடி வெயிலில் விடாதீங்க, ஒரு மதியத்தில் முறுக்கிக்கொள்ளும். காரில் படகைக் கவிழ்த்து ஏற்றி, இரண்டு பட்டை குறுக்கே, முன்மூக்கிலும் பின்னாலும் ஒவ்வொரு கயிறு. பட்டையை ராட்செட் வைத்து முறுக்க வேண்டாம், கையால் இழுக்கும் பக்கிள் போதும். மேல் துண்டு மூன்றரை மீட்டருக்கு மேல் நீளம், பின்னால் நீட்டும் முனையில் சிவப்புத் துணி கட்டுங்க.